அம்மியில் அரைத்த பாறை

"திங்கட்கிழமை வேலையை ராஜினாமா பண்றேன்" என்றார் என் கணவர் நாகேஸ்வரன், இரண்டாவது தோசைக்கும் மூன்றாவது தோசைக்கும் நடுவில். ஹஜூர் கச்சேரியில் சர்க்கார் குமாஸ்தா உத்தியோகம். அதை விட்டால் எங்களுக்கு மிச்சம் கரமனை ஆற்றுத் தண்ணீர்தான்.

காரணம் கொல்லைப்புறத்தில் இருந்தது. ஆடியில் கொட்டும் கர்க்கடக மழையில் மண் சரிந்து, கிணற்றுக்குப் பின்னால் ஒரு கரும்பாறை வெளியே வந்திருந்தது. அதன் குறுக்கே வெள்ளாரங்கல் என்கிற படிகக்கல் ஒரு வெள்ளை நரம்பாக ஓடியது. நடுப்பகலிலும் இருட்டிக் கிடந்த நாட்கள். பாறையில் காதை வைத்தால், உள்ளே யாரோ நிதானமாக அம்மி அரைப்பது போலக் கேட்கும். ஊற்றுத் தண்ணீர் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கான்வென்டில் படித்தவள் வேறு என்ன சொல்வது?

வெள்ளாரங்கல்லில் பொன் இருக்கும் என்று இவர் ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்துவிட்டார். உடைத்தார், பொடித்தார், என் அம்மியில் அரைத்தார், தாம்பாளத்தில் தண்ணீர் விட்டு அலசினார். மண்தான் வந்தது. சட்னியிலும் வந்தது.

"சூடாமணி, நீ அரைச்சுப் பாரேன்."

அரைத்தேன். அரிசியில் கல் அரித்துப் பழகின கை. அலசி அலசி வடித்தேன். தாம்பாளத்தின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கீற்று, தூங்குகிறவன் கண் பாதி திறந்தாற்போல.

மறுநாள் அவர் அரைத்தார், ஒன்றுமில்லை. நான் அரைத்தேன், கீற்று.

"உன் கைக்கு மட்டும்தான் வரது, கேட்டயா."

"பின்னே ராஜினாமாவை நான்னா பண்ணணும்?"

அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. காபியை என் கையிலிருந்து வாங்காமல், "கீழ வை" என்பார். இருட்டுக் கூடத்தில் நான் நடந்து வந்தால் எழுந்து நிற்பார். கல்யாணமாகி இத்தனை வருஷம் கிடைக்காத மரியாதை. ஆனால் எனக்கும் உள்ளூர நடுக்கம்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஜன்னலோரம் கையைத் துடைக்கும்போது பார்த்தேன். என் தங்க வளையலின் அடிப்பக்கம் தகடாகத் தேய்ந்திருந்தது. அரைக்கும்போது வளையல் அம்மியில் உரசுகிறது. கல்பொடி அரம் போல ராவுகிறது. ஐயா கண்டுபிடித்த சுரங்கம் என் மணிக்கட்டு.

சொன்னால் நம்ப மாட்டார். இந்த மனுஷரிடம் நிரூபணம் செல்லாது, பயம் செல்லும். வளையல்களைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டேன். வெள்ளைக் கல்லையே தொடவில்லை. நரம்பை ஒட்டி இருந்து, துரு ஏறிப்போய், அவர் வேண்டாமென்று எறிந்திருந்த கருங்கல் துண்டைப் பொடித்து அரைத்தேன். ஒன்றும் வராது, அத்தோடு பைத்தியம் தெளியும்.

அவர் நிலைவாசலில் நின்றார். மழை கொட்டியது. கல் எடுக்கப் போனபோது பாறையில் காதை வைத்துப் பார்த்திருந்தேன், உள்ளே அரைக்கிற சத்தம் ஓய்ந்திருந்தது.

அலசினேன். வடித்தேன்.

கீற்று இல்லை. கடுகு கடுகாக மஞ்சள். என் கைகளைப் பார்த்தேன், இரண்டும் மூளி.

"என்ன வந்தது?"

தாம்பாளத்தைப் புடவைத் தலைப்பால் மூடினேன். "ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமேயா?"

"உள்ள போயிடுத்து."

"எது?"

"இத்தனை நாள் கொடுத்துண்டிருந்தது. நீங்க உத்தியோகத்தை விட்டேள்னா இங்கேர்ந்து இன்னொண்ணையும் எடுத்துண்டு போகுமாம்."

"எதைடீ?"

"சொல்லலை."

அவர் குரல் ஒடுங்கிவிட்டது. "நீ அதோட பேசறயா?"

"அதுதான் பேசறது. நான் பதில் சொல்றதில்லை."

திங்கட்கிழமை விடிவதற்குள் குளித்து, நெற்றி நிறைய விபூதி பூசி, கொல்லைப் பக்கமே திரும்பாமல் கச்சேரிக்குக் கிளம்பிவிட்டார். ராஜினாமாவைப் பற்றி மூச்சே இல்லை. வாசல் வரை போய்க் குடையைக் கொடுத்தேன். அவர் தலை தெருமுனையில் மறைந்ததும் கதவைத் தாழிட்டுவிட்டு, சுத்தியலை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனேன்.