சனிக்கிழமைக் களப்பயிற்சி

இனிமேல் எந்தச் சனிக்கிழமையும் அணுபுரம் போவதில்லை என்று போன மே மாதம் முடிவெடுத்தேன். உறுதியான முடிவு. பிரபா தூங்கிக்கொண்டிருந்தபோது எடுத்தது.

பிரபா என் மனைவி. நாவலூரில் ஒரு கம்பெனியில், அமெரிக்காக்காரன் விழித்திருக்கும்போதெல்லாம் தானும் விழித்திருக்கிற வேலை. நான் ஆனந்தன். பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத் துறை உதவிப் பேராசிரியர். உதவி நிறைய, பேராசிரியர் கொஞ்சம்.

அணுபுரத்தில் இருப்பவர் என் மாமனார் திருநாவுக்கரசு. அணுமின் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கேயே வேலை பார்க்கும் மகனோடு குவார்ட்டர்ஸில் இருக்கிறார். ஓய்வு வேலைக்குத்தான். நாவுக்கு இல்லை. அதற்குப் பெயரிலேயே அரசுப் பதவி கொடுத்துவிட்டார்கள்.

சனிக்கிழமை காலையில் நாங்கள் போய் உட்கார்ந்ததும் ஆரம்பிப்பார்.

"மாப்ளே, செங்கல்பட்டு ஏரியோரமா ரயில் போவுதே, யாரு போட்ட லைனு?"

"வெள்ளைக்காரன் மாமா."

"இன்னிக்கு வரைக்கும் நிக்குது. போன வருஷம் நம்மாளு போட்ட ரோடு?"

"போயிடுச்சு மாமா."

"அவனைப் போய் அனுப்பி வெச்சோமே!"

சாப்பாடு வரைக்கும் வெள்ளைக்காரன் வந்த கதை. சாப்பாட்டுக்குப் பிறகு அவன் போன சோகம். வாரம் முழுக்க வகுப்பில் காலனி ஆட்சியைத் திட்டிவிட்டு, சனிக்கிழமை அதற்கே தலையாட்டினால் எந்தக் கழுத்து தாங்கும்? பிரபா அந்த நேரத்தில் அப்பாவின் மாத்திரைகளைப் பிரித்து வைப்பாள், சட்டைகளை மடிப்பாள், கொட்டாவி விடுவாள். என்னைக் காப்பாற்ற மட்டும் வர மாட்டாள்.

அப்போதுதான் துறைத்தலைவர் ஜெசிந்தா மேடம் கூப்பிட்டார்.

"ஆனந்தன், முதல் வருஷப் பசங்களுக்குப் பின்காலனியக் கோட்பாடு, அறிமுகப் பாடம். நீங்கதான் தயார் பண்றீங்க. புதுசா ஏதாவது இருக்கணும்."

புதுசா என்ன இருக்கிறது? இருக்கிற பழசையே யாரும் படிப்பதில்லை. களைத்துப்போய் மேஜையில் தலையைச் சாய்த்தபோது அந்த வார்த்தை உதித்தது. களப்பயிற்சி! வாராவாரம் சனிக்கிழமை, மாமல்லபுரத்தில். பசங்கள் சுற்றிப் பார்ப்பார்கள். நான் சவுக்குத் தோப்பு நிழலில் மேற்பார்வை பார்ப்பேன், கண்ணை மூடிக்கொண்டு. பாடத்திட்டத்தில் ஏறிவிட்டால் பிரபாகூட மறுக்க முடியாது.

அன்று சாயங்காலமே சோகமான முகத்தோடு சொன்னேன்.

"இன்னாது, சனிக்கிழமையா?" என்றாள்.

"நான் இன்னா பண்றது? பாடம் அப்படி. பின்காலனியம்."

"எந்தக் காலனிக்குப் பின்னாடி?"

"ஐயோ, அடிமையா வெச்சிருந்தவன் கிளம்பிப் போனப்புறமும் அவன் நெனப்பு நம்ம மண்டையிலேர்ந்து போவாம கீதே, அதைப் பத்தின பாடம்."

"ஓ, எங்கப்பா."

என் மாணவர்கள் யாரும் இத்தனை சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை.

"சரி, மாமல்லபுரத்துல இன்னா பாப்பீங்க?"

"கடற்கரைக் கோயில், சிற்பமெல்லாம்..."

"அது பல்லவன் கட்டுனதாச்சே. பல்லவன் எந்த நாட்லேர்ந்து கப்பல்ல வந்தான்?"

பதிலையும் அவளே சொன்னாள்.

"காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தான். அங்கேர்ந்து பஸ்ஸே கீது. மேடம் கேட்டா இன்னா சொல்லுவீங்க? பேசாம சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைன்னு போடுங்க. கூட்டமும் இருக்காது."

கூட்டமும் இருக்காது என்ற இடத்தில்தான் விழுந்தேன். மதில் நிழல், புல்தரை, கடல் காற்று. அங்கிருந்து அணுபுரம் ஆட்டோவில் போகிற தூரம் என்பது தெரியாமல் இல்லை. ஆனால் டூட்டியில் இருக்கும் மனிதனை மாமனார்கூடத் தொட முடியாதே!

"நீ மட்டும் போய் அப்பாவைப் பாத்துக்கோ" என்றேன் பெருந்தன்மையாக.

"பாவம்ங்க நீங்க" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பாவம் என்று சொன்னதே இல்லை. அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. கை ஈரம். பிரபா வந்து ஸ்பீக்கரில் போட்டாள். ஜெசிந்தா மேடம்.

"ஆனந்தன், உங்க கோட்டைக் களப்பயிற்சி பாடத்திட்டக் கமிட்டிக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒண்ணே ஒண்ணுதான். கோட்டையில வாராவாரம் உள்ளூர்க்காரர் ஒருத்தர் பசங்ககிட்ட பேசணுமாம். இல்லாட்டி சனிக்கிழமைக்கு அனுமதி இல்லை."

"தேடறேன் மேடம்."

"எதுக்குத் தேடணும்? மேடம், நான் பிரபா பேசுறேன். எங்கப்பா இருக்காரே!"

கத்தியை ஆட்டி ஆட்டி வேண்டாம் என்றேன். அவள் கத்தியைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை.

"சர்வீஸ் முழுக்க அந்தப் பக்கம்தான் மேடம். வெள்ளைக்காரங்க பண்ணதைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு."

"அருமை! இந்த மாதிரி ஆள்தான் வேணும்!"

அவள் சொன்னதில் ஒரு பொய்கூட இல்லை.

"மேடம், அவருக்கு முழங்கால் வலி" என்று குறுக்கே பாய்ந்தேன்.

"அதுக்குத்தான் டாக்டர் நடக்கச் சொல்லிகீறாரு மேடம். இவரே காலையில போய்க் கூட்டினு வந்து, பேசி முடிச்சதும் வூட்ல விட்டுடுவாரு. நாஸ்தா, மத்தியானச் சாப்பாடு எல்லாம் அங்கதான்."

"குடுத்து வெச்சவர் ஆனந்தன்" என்று சொல்லி மேடம் வைத்துவிட்டார்.

என் கண்ணில் தண்ணீர்.

"வெங்காயமா?" என்றாள் பிரபா.

"இல்ல. இன்னா வேலை பண்ணிட்ட நீ? நான் திட்டுறதுக்குப் பாடம் போட்டா அவரு புகழ்ந்து தள்ளுவாரே!"

"போனப்புறமும் மண்டையிலேர்ந்து போவாத நெனப்புன்னு நீங்கதானே சொன்னீங்க? பசங்க நேர்லயே பாக்கட்டும்."

"அப்போ நீ?"

"அப்பா பேச்சைக் கேக்க வாரத்துக்கு ஒரு ஆளு வேணும். இவ்ளோ நாளா ரெண்டு பேரு போனோம். ஒருத்தர் போதும்." கொட்டாவி விட்டாள். "நான் ஒரு சனிக்கிழமை தூங்கி எத்தினி வருஷம் ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. மீதி வெங்காயத்தை நறுக்கினேன்.

ஜூலையில் முதல் களப்பயிற்சி. மாமனார் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையில் வந்தார். வெட்டவெளியில் நின்று, உடைந்த மதிலைக் கைத்தடியால் காட்டினார்.

"கட்டுனவன் டச்சுக்காரன். இடிச்சவன் இங்கிலீஷ்காரன். இடிச்சதுகூட எவ்ளோ நேர்த்தியா இடிச்சிருக்கான் பாருங்க!"

பசங்கள் கை தட்டினார்கள். என் வகுப்பில் கொட்டாவி தவிர வேறு சத்தம் கேட்டதில்லை.

ஜெனிட்டா என்ற மாணவி கை தூக்கினாள். "சார், அப்ப அவங்க இங்கேயே இருந்திருக்கலாமா?" கேள்வி அவருக்கு. பார்வை எனக்கு.

"மாப்ளே, நீங்களே சொல்லுங்க" என்றார் மாமனார்.

மத்தியானச் சாப்பாடு அவர் வீட்டில்.

"திங்கக்கிழமை வகுப்புல விவாதிக்கலாம்மா" என்றேன்.

என் போன் அடித்தது. பிரபா. தூக்கம் கலையாத, குளிர்ந்த குரல்.

"இப்பதான் எழுந்தேன். வெயிலு இப்படிக் கொளுத்துதே, அப்பாவுக்குக் குடை எடுத்துனு போனீங்களா?"

"நான்தான் புடிச்சினு நிக்கறேன்."