என்னைச் சாக விடாத பிச்சுமணி

ஆறு வருஷமாக எனக்கு ஒரு மனக்குறை. நான் சாக வேண்டியவன், சாக விடவில்லை. இரண்டாயிரத்து மூன்றாம் வருஷப் பொங்கல் விழாவில், நியூ ஜெர்சியில் பிஸ்கட்டவே ஊர்ப் பள்ளிக்கூட மேடையில், முந்நூறு பேருக்கு முன்னால் எனக்கு வரவேண்டிய சாவைத் தட்டிப் பறித்தவர் எங்கள் தமிழ்ச் சங்கத் தலைவர் பிச்சுமணி. தனி ஆள் என்றால் மன்னித்திருப்பேன். அது ஓர் இனம். 'நல்லநாள்காரர்' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

உங்களுக்கும் இவரைத் தெரியும். நாலு தமிழர் கூடுகிற இடத்தில் ஒருவர் நல்லநாள்காரராக இருப்பார். யாராவது ஒரு கெட்ட செய்தியைச் சொல்ல வாயைத் திறந்தால் போதும், போலீஸ்காரர் மாதிரி கையை உயர்த்தி, "நல்ல நாளும் அதுவுமா வேண்டாமே" என்பார். எது ஐயா நல்ல நாள்? பொங்கல் நல்ல நாள். வெள்ளி நல்ல நாள். செவ்வாய் சாமிக்கு. வியாழன் குருவுக்கு. சனி, ஞாயிறு லீவு நாளில் எதற்கு அந்தப் பேச்சு? இப்படியே போனால் துக்கம் சொல்ல வருஷத்தில் ஒரு நாள்கூட மிஞ்சாது.

பிச்சுமணி வீட்டில் அரிசி தீராது, 'நிறைஞ்சிருக்கும்'. பார்க்வே நெடுஞ்சாலையில் கார் அப்பளமாக நொறுங்கியதா? "வண்டி ரெஸ்ட் எடுக்கறது." ஆபீசில் ஒருவரை வேலையை விட்டுத் தூக்கிவிட்டார்களா? "அவர் கொஞ்சம் ஃப்ரீயா இருக்கார்." டாட்காம் கம்பெனிகள் படுத்த வருஷம், பார்சிப்பனியில் அவரோடு வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் ஃப்ரீயாக இருந்தார்கள். ஆயுள் இன்சூரன்ஸ் விற்க வந்த ஏஜெண்ட், "ஒருவேளை உங்களுக்கு ஏதாவது..." என்று ஆரம்பித்தான், கேசரி கொடுத்து வாசலோடு அனுப்பிவிட்டார். ஒரு தடவை நியூவார்க் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது அவர் மனைவி காமாக்ஷி தும்மினார். எல்லோரும் உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்பினார்கள். மறுபடி தும்மல். மே மாசம், மரத்துக்கு மரம் மகரந்தம் கொட்டுகிற நேரம். பதினேழு தும்மல். விமானம் போய்விட்டது.

இப்படிப்பட்டவர் கையில் ரோமாபுரிச் சோகக் கதை ஒன்று மாட்டினால் என்ன ஆகும்?

அதற்கு முன்னால் என்னைச் சொல்லிவிடுகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். பெயர் நஞ்சப்பன். ஊர் பொள்ளாச்சிப் பக்கம். பிஸ்கட்டவேயில் ஓர் ஓட்டலில் சமையல். சங்க விழாக்களுக்கெல்லாம் சாப்பாடு நம்முடையதுதான். என் சாம்பாரை நியூ ஜெர்சியில் பாதிப் பேருக்குத் தெரியும். என் மூஞ்சியை ஒருத்தருக்கும் தெரியாது.

நாடகம் போட்ட பத்மநாபன் சார் ஒருநாள் அடுப்படிக்கே வந்தார். "நஞ்சப்பன், உங்க உடம்புக்குன்னே ஒரு ரோல் இருக்கு. டயலாக் கிடையாது. செத்தா போதும்."

கதை இதுதான். போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த ரோமாபுரித் தளபதி, சிறைப்பட்ட ராணியின் மூத்த மகனைப் பலி கேட்கிறான். ராணி காலில் விழுந்து கெஞ்சுகிறாள். அவன் இரங்குவதில்லை. மகனை இழுத்துப் போகிறார்கள். திரைக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல். அந்த அலறல்தான் நான். அதற்குப் பழிவாங்கத்தான் மீதி நாடகம் முழுக்க ஒருவரை ஒருவர் குத்திக்கொள்கிறார்கள். அதாவது நான் செத்தால்தான் நாடகமே.

ஒரு மாசம் பழகினேன். ஓட்டலில் கறிகாய் வைக்கிற குளிர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கத்துவேன். தோசை மாஸ்டர் பக்கீர் பாய் கொத்தமல்லி எடுக்க வந்தவர், பயப்படாமல் நின்று கேட்டுவிட்டு, "அண்ணே, தொண்டையில கத்தறீங்க. வயித்துலருந்து வரணும்" என்றார். அடுத்த வாரம் வயிற்றிலிருந்து வந்தது. பாய் கையிலிருந்த கூடையைக் கீழே போட்டார்.

ஹாலை ஏற்பாடு செய்தவர் பிச்சுமணி. ஆகவே தளபதியும் அவரே. முதல் ஒத்திகையில் கதையைக் கேட்டு முகம் சுருங்கினார்.

"பத்மநாபன், பொங்கலும் அதுவுமா முதல் சீன்லயே சாவா?"

"சார், இது ட்ராஜெடி."

"இருக்கட்டுமே. யாரும் சாகாம ஒரு ட்ராஜெடி பண்ணுங்கோ."

பத்மநாபன் சார் அவர் மோவாயைப் பிடிக்காத குறைதான். கடைசியில் சாவு திரைக்குப் பின்னால், சத்தம் மட்டும் வெளியே என்று ஒப்பந்தம் ஆனது.

விழாவன்று என் பெண்டாட்டி ஷ்யாமளா பட்டுப்புடவையில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் மகள் ஷ்ரேயா, ஏழு வயசு, நாலு சிநேகிதிகளோடு. "மை டாட் இஸ் த டெட் கை" என்று வரிசை முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள்.

ராணியாக வந்தவர் பல் டாக்டர் ஜலஜா மேடம். அடடா, அப்படி ஒரு அழுகை! "என் பிள்ளையை விட்டுவிடுங்கள்" என்று பிச்சுமணியின் காலைப் பிடித்தபோது ஹாலில் மூக்கு உறிஞ்சும் சத்தம். நான் முட்டி போட்டு, கை கட்டப்பட்டு, வயிற்றில் மூச்சை நிரப்பித் தயாராக இருந்தேன். பிச்சுமணி சொல்ல வேண்டியது மூன்றே சொல்: "முடியாது. இழுத்துச் செல்லுங்கள்."

அவர் ராணியைப் பார்த்தார். பட்டுப்பாவாடைக் குழந்தைகளைப் பார்த்தார். மேடை ஓரத்தில் மஞ்சள் கட்டிய பொங்கல் பானையைப் பார்த்தார்.

"நல்ல நாளும் அதுவுமா அழப்படாதும்மா. பிள்ளையை அழைச்சிண்டு போ."

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. பக்கத் திரையில் பத்மநாபன் சார் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். உயிர்ப்பிச்சை வாங்கிய ஜலஜா மேடம் அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், இன்னும் கொஞ்சம் அழுதார்.

நான் விடுவேனா? வசனமே இல்லாத நான் வாயைத் திறந்தேன். "தளபதி, என்னைக் கொல்லுங்க!"

"வேண்டாம். எழுந்திரு."

"உங்க பசங்களைக் கொன்னதே நானுங்க!"

பிச்சுமணி ஒரு வினாடி யோசித்தார். "பரவாயில்லை. மறந்துட்டேன்."

"ஏனுங்க, கெஞ்சிக் கேக்கறேன். ஒரே ஒரு குத்துங்க!"

"சாப்பிட்டுட்டுப் போப்பா" என்றார். திரை விழுந்தது.

ஒன்றரை மணி நேர நாடகம் பதினொரு நிமிஷத்தில் முடிந்தது. சாவதற்காகச் சட்டைக்குள் கெச்சப் பாக்கெட்டை ஒளித்து வைத்திருந்த ஆறு பேர் திரைக்குப் பின்னால் திருதிருவென்று விழித்தார்கள். சாப்பாட்டைப் பரிமாறச் சொல்லிவிட்டார்கள். சாம்பார் இன்னும் சூடாகவில்லை. சாக வேண்டியவன் ரோமாபுரிப் போர்வையோடு போய்க் கரண்டி பிடித்தேன். ஷ்ரேயா வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். "அப்பா, யூ டிட்ன்ட் ஈவன் டை!"

அந்த வருஷமே பத்மநாபன் சார் கலிஃபோர்னியாவில் பே ஏரியாவுக்குக் குடிபோய்விட்டார். அதற்கப்புறம் எங்கள் சங்கத்தில் நாடகமே இல்லை. பிச்சுமணியை எங்கே பார்த்தாலும் எனக்குள் அந்த மூச்சு அப்படியே முட்டிக்கொண்டு நிற்கும்.

போன வாரம் வெள்ளிக்கிழமை. மத்தியானம் மூன்று மணி. கூட்டம் கலைந்து நாற்காலிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தோம். கழுத்தில் டை, தோளில் லேப்டாப் பையுடன் பிச்சுமணி தனியாக வந்து உட்கார்ந்தார்.

"என்ன சார், ஆபீஸ் இல்லீங்களா?"

காப்பியை ஆற்றிக்கொண்டே இருந்தார். "கொஞ்சம் ஃப்ரீயா இருக்கேன்."

எனக்குப் புரிந்துவிட்டது. உங்களுக்கும்தானே?

"வீட்டம்மாவுக்குத் தெரியுங்களா?"

"பொங்கல் கழியட்டும்னு பார்க்கறேன். தினம் கார்த்தால கிளம்பி லைப்ரரிக்குப் போயிடறேன். அப்புறம் கேட்டிங்கற ஊர்ல தம்பியாத்துக்குப் போகணும். டெக்ஸஸ் வெயிலுக்கு நன்னாருக்கும்."

ஆறு வருஷமாக இந்த ஆளைக் கேட்க நான் கேள்வி சேர்த்து வைத்திருந்தேன். 'வேலை போச்சுங்களா சார்?' என்று ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனைக் கேட்பதுபோல அதையாவது கேட்டிருக்கலாம். என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "அதனாலென்னங்க சார். எல்லாம் நல்லதுக்குத்தான்."

பார்த்தீர்களா, எப்படித் தொற்றிக்கொள்கிறது? சிரிக்காதீர்கள். போன மாசம் ஒருவர் உங்களிடம் மனசு விட்டு ஏதோ சொல்ல வந்தபோது, முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்னே, 'அதெல்லாம் ஒண்ணும் ஆகாது' என்று அவர் வாயை அடைத்தது யார்?

பிச்சுமணி காப்பியைக் குடிக்காமலே கீழே வைத்தார். யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டார். "நஞ்சப்பன், அன்னிக்கு நீங்க கத்தறதா இருந்தேளே, ஒரு கத்தல். அதை இப்போ கத்துங்கோ. எனக்கு அதெல்லாம் வராது" என்றார். நான் குளிர் அறைக் கதவைத் திறந்து விட்டேன். எனக்கு முன்னால் உள்ளே போய், காலிஃபிளவர் பெட்டி மேல் உட்கார்ந்து, டையைத் தளர்த்திக்கொண்டார். "வெள்ளிக்கிழமை. கதவை நன்னாச் சாத்திண்டு கத்துங்கோ."