ஞாயிற்றுக் கூழும் அப்ஸ்ட்ராக்ட் கிளாசும்

இனி ஆயுளுக்கும் நண்டு கழுவுவதில்லை என்று போன சனிக்கிழமை முடிவெடுத்தேன்.

ஞாயிறு தேவாலயத்தில் பூசை முடிந்தால் குருநகரில் எங்கள் வீட்டில் பனங்கிழங்கு மாவில் காய்ச்சும் ஒடியற்கூழ். மனைவி லவீனா காய்ச்சுவாள், மகள் ஜெயனி மரக்கறி வெட்டுவாள், நண்டு என் பொறுப்பு. உயிர் நண்டு! என் பத்து விரலில் நாலு ஏற்கெனவே கடிபட்டவை. பைதன் என்ற கணினி மொழி படிப்பிக்கிற மாஸ்டர் என்ற மரியாதை நண்டுக்குக் கிடையாது.

பூசையால் வந்ததும் லவீனாவை இருத்தி விளக்கினேன்.

“பைதனிலை கிளாஸ் எண்டால் ஆக்களை உருவாக்கிற அச்சு மாதிரி. அதிலை அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ் எண்டு ஒண்டு இருக்கு. என்னென்ன வேலை நடக்கவேணும் எண்டு மட்டும் சொல்லும். தான் ஒண்டும் செய்யாது. அதுக்குக் கீழை வாற பிள்ளை கிளாசுகள்தான் செய்யவேணும்.”

“ஓம்.”

“இந்த வீட்டிலை நான்தான் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ். நண்டு கழுவவேணும் எண்டு சொல்லிப்போட்டன். என்ரை வேலை முடிஞ்சுது.”

சண்டை வரும் என்று பயந்தேன். “சரியப்பா” என்று போய்விட்டாள். இருபது வருசத்தில் இவ்வளவு சுலபமாக நான் வென்றதில்லை. சாய்மனைக் கதிரையில் காலை நீட்டினேன்.

கூழ் கொதிக்கிற மணம் வந்தது. எழும்பிப் போனேன். மேசையில் இரண்டே கோப்பை.

“என்ரை எங்கை?”

“அப்ஸ்ட்ராக்ட் கிளாசிலை இருந்து நேரடியா ஒரு ஆளை உருவாக்கேலாது, பைதன் பிழை காட்டும் எண்டு வெள்ளிக்கிழமை சூம் வகுப்பிலை கத்தினது ஆர்? குசினி வரைக்கும் கேட்டுது. உருவாகாத ஆளுக்கு எப்பிடிக் கூழ் வாக்கிறது?”

“அம்மா சொல்லுறது சரி அப்பா” என்றாள் ஜெயனி. அவளும் என் மாணவிதான்.

“அப்ப நான் என்ன செய்ய?”

“பிள்ளை கிளாசா வாங்கோ” என்றாள் லவீனா. “சொன்ன வேலை ஒண்டையும் விடாமல் செய்யவேணும். நண்டு இன்னும் வாளிக்குள்ளைதான்.”

கழுவினேன். ஐந்தாவது விரலும் போனது.

கூழ் குடிக்கும்போது இருந்ததிலேயே பெரிய நண்டுக் காலை லவீனா என் கோப்பையில் போட்டாள். விரலுக்கு மருந்தும் பூசிவிட்டாள். பாவம், இவளையா ஏமாற்றப் பார்த்தேன் என்று மனம் இளகிப் போனது.

“அடுத்த ஞாயிறு நான் அப்ஸ்ட்ராக்ட் கிளாஸ்” என்றாள்.

“அப்ப உமக்கும் கூழ் இல்லை!” துள்ளினேன்.

“இஞ்சை இல்லை. நான் பாசையூருக்கு அம்மா வீட்டை போறன். அங்கை நான் பிள்ளை கிளாஸ். தாய் கிளாஸ் செய்து வைச்சதெல்லாம் பிள்ளைக்குத் தானா வரும், திருப்பி ஒரு வரியும் எழுதத் தேவையில்லை. அதுவும் நீங்கள் படிப்பிச்சதுதான்.”

கூழுக்கு எவ்வளவு புளி விடுவது என்று கேட்டு எழுதிக்கொண்டேன்.