சம்பந்தியின் துவக்கும் என் சந்தனமும்

ஒக்டோபர் பதினைந்தாம் திகதி, சனிக்கிழமை, காலை ஒன்பது மணி நாற்பது நிமிடம். குளிர் இரண்டு பாகை. காற்று இல்லை. ஒஸ்லோ ஓரத்துப் பியோர்ண்டாலில், எங்கள் வீட்டு வாசலில், நாங்கள் காரில் ஏறும்போதே மூடுபனியும் ஏறிக்கொண்டது. ஒன்றரை மணித்தியாலம் கூடவே வந்து, சம்பந்தியின் பண்ணையில் எங்களோடு இறங்கியது. என் கலியாண நாள்கூட இவ்வளவு திருத்தமாக எனக்கு நினைவில்லை. (மனைவி இதை வாசிக்கமாட்டாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.)

மகள் துளசிக்கு நோர்வேக்காரப் பொடியன் ஒருவனோடு சம்பந்தம் சரிவந்திருந்தது. அடுத்த யூனில் கலியாணம். மாப்பிள்ளையின் தகப்பன் தோர்ஸ்டைன், நெடுத்த மனிதர், ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு வசனம் பேசுவார். அவருடைய முப்பத்தொரு கோழிகளை நரி பத்தொன்பதாக்கியிருந்தது. ஒருநாள் கோப்பி குடித்தபடி சொன்னார்: "குளிர்காலத்தில் கொட்டிலில் நரிக்குக் காத்திருப்பேன். அங்கே இரண்டு கதிரை இருக்கிறது. நீயும் வரலாம்." (நோர்வே மொழியில் எல்லோரும் 'நீ'தான். சம்பந்தியும் நீ, பிரதமரும் நீ.)

அந்த இரண்டாவது கதிரை என்னைப் பிடித்துக்கொண்டது. நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பித்து, ஒஸ்லோவில் இருபத்தாறு வருடம் களஞ்சியத்தில் பெட்டி எண்ணி ஓய்வு பெற்றவன். இந்த நாட்டில் ஒருவரும் என்னைப் பேசாமல் பக்கத்தில் இருக்கக் கூப்பிட்டதில்லை. கனவுகள் வரத் தொடங்கின. வெள்ளை வயல், ஓசையே இல்லை, தூரத்தில் செம்மஞ்சளாய் ஒரு புள்ளி மிதந்து வரும், தோர்ஸ்டைன் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டுவார். கனவில் நான் ஒருதரம்கூடச் சுட்டதில்லை. தலையாட்டலோடு விழித்துவிடுவேன்.

வேட்டைப் பரீட்சை எழுதினேன். ஐம்பது கேள்வியில் நாற்பத்தெட்டு சரி. மற்ற இரண்டிலும் கேள்விதான் பிழை என்பது இன்றைக்கும் என் கருத்து. அனுமதிப்பத்திரம் வந்தது. சட்டப்படி ஓர் இரும்பு அலுமாரியும் வந்தது.

"என்ரை தாலிக்கொடி பழஞ்சீலைக்குள்ளை கிடக்குது," என்றாள் மனைவி. "உந்தத் துவக்குக்கு இரும்பு அலுமாரி."

துவக்கு, தோர்ஸ்டைனின் மாமனார் சொல்லிச் செய்வித்த பழையது. கதவுத் தாழ்ப்பாளைப் போல இழுத்துத் தள்ளித் தோட்டா ஏற்றும் வகை. கடமான் சுட்ட அதை நரி சுடும் அளவுக்கு மாற்றி, முறைப்படி என் பெயருக்குத் தருவதாகத் தோர்ஸ்டைன் சொன்னார். மெல்லிய தோட்டாவுக்கு ஏற்ற பாரமான புதுக்குழல் போட்டார். மரக்கட்டையை என் கை நீளத்துக்கு நாலு சென்ரிமீற்றர் வெட்டினார். பிறகு ஐந்து கிழமை, மாலை மாலையாக, குழல் கிடக்கும் பள்ளத்தைச் சுரண்டி அகலமாக்கினார். கடைசியில் குழலுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு கடுதாசித் துண்டை வைத்து, முனையிலிருந்து அடிவரை வழுக்கி இழுத்துக் காட்டினார்.

"சூடேறினால் குழல் அசையும். எதிலாவது தொட்டால் தோட்டா வேறெங்கோ போகும். இந்த இடைவெளியில் ஒன்றுமே இருக்கக்கூடாது."

"விளங்குது," என்றேன். கணித ஆசிரியனுக்கு இது விளங்காதா?

ஒரு கிழமையில் ஆயுத பூசை வந்தது. சாமி அறையில் கத்தி, தையல் மெசின், துளசியின் மடிக்கணினி எல்லாம் பொட்டோடு வரிசையாக இருந்தன.

"உங்கடையையும் கொண்டுவாங்கோவன்," என்றாள் மனைவி. "முப்பது வருசமாய்த் தேங்காய்த் துருவலைக்குப் பொட்டு வைக்கிறன். இந்த முறைதான் ஆயுதம் எண்டு ஒண்டு வீட்டிலை இருக்குது."

துவக்கின் தாழ்ப்பாளைக் கழற்றி அலுமாரிக்குள் பூட்டிவிட்டு மிச்சத்தைக் கொண்டுவந்தேன். கத்திக்கு ஒரு பொட்டு. சம்பந்தி கொடுத்த துவக்குக்கும் ஒன்றா? நவராத்திரிக்கு ஒன்பது வைத்தேன். குழல் நெடுக ஒன்பது பொட்டு அம்மை போட்டதுபோலத் தெரிந்தது. ஆகவே ஒன்பதையும் இணைத்துப் பூசினேன், பன்னீர் விட்டுக் குழைத்து, தாராளமாக. மேலே செவ்வந்தி. அடுத்த நாள் மூன்று துணியால் துடைத்தேன். வெளியே பளபளத்தது. உள்ளே யார் பார்த்தார்கள்?

இனி அந்தச் சனிக்கிழமை. பண்ணைக்குப் பின்னால், மண் அணைக்கு முன்னே, நூறு மீற்றரில் பலகை. பத்துத் தோட்டாவில் குறைந்தது எட்டு, கோப்பித் தட்டளவு வட்டத்துக்குள் விழவேண்டும். நரியைக் காயத்தோடு ஓடவிடுகிறவனுக்குத் தன் கொட்டிலில் கதிரை இல்லை என்று தோர்ஸ்டைன் சொல்லியிருந்தார். பின்னால் மனைவி, துளசி, மாப்பிள்ளை. பனி சற்று விலகி, பலகை தண்ணீருக்குள் கிடப்பதுபோல அசைந்தது.

முதல் இரண்டும் வட்டத்துக்குள். மூன்றாவது இடப்பக்கம் நகர்ந்தது. ஐந்தாவது பலகையின் ஓரம். பத்தாவது எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது, சுவீடனுக்குப் போயிருக்கலாம்.

தோர்ஸ்டைன் தூரக்கண்ணாடியை இறக்கினார். "இரண்டு."

கதிரை பனிக்குள் கரைவதைக் கண்டேன். வாய் திறந்துவிட்டது. "பிழை என்னில் இல்லை. முதல் இரண்டும் சரி, பிறகுதான் விலகுகிறது. நீ கட்டையைச் சரியாகத் தோண்டவில்லை." என் வாழ்க்கையிலேயே பிழையில்லாமல் பேசிய நோர்வே மொழி அதுதான்.

"ஹெரெகுட், அப்பா," என்றாள் துளசி. (நோர்வேக்காரர் கடவுளைக் கூப்பிடும் விதம்.) "யூனிலை கலியாணம். வாயை மூடுங்கோ."

தோர்ஸ்டைன் துவக்கை மேசையில் கிடத்தினார். கடுதாசித் துண்டை எடுத்து இடைவெளியில் செருகினார். போகவில்லை. இரண்டு திருகாணியைக் கழற்றிக் குழலை மரத்திலிருந்து தூக்கினார்.

பள்ளம் நெடுக மஞ்சளாய், சீமெந்துபோல இறுகி, சந்தனம். நடுவில் ஒரு செவ்வந்தி இதழ். குழலின் அடியில் பன்னீர் பட்ட இடமெல்லாம் துரு. மூடுபனி முழுக்கக் கோயில் மணந்தது.

மனைவி அமைதியாகச் சொன்னாள்: "ஒம்பதோடை நிப்பாட்டியிருக்கலாம்."

ஆயுத பூசையை நோர்வே மொழியில் விளக்குவது லேசான காரியமல்ல. வருடத்தில் ஒருநாள் கருவிகளுக்கு வேலை கொடுக்காமல் வணங்குவோம் என்று ஒருமாதிரிச் சொல்லி, மன்னிப்பும் கேட்டேன்.

"உழவு இயந்திரத்துக்கும் உண்டா?"

"உண்டு."

அவர் இதழை விரல் நுனியில் எடுத்து நெடுநேரம் பார்த்தார். "நான் செய்த வேலைக்கு இதுவரை ஒருவரும் பூ வைத்ததில்லை," என்று சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் அது வந்தது. பனிக்குள்ளிருந்து, ஓசையே இல்லாமல், செம்மஞ்சளாய். பலகைக்கு முன்னால் நின்று எங்கள் ஐந்து பேரையும், இரண்டாய்க் கிடந்த துவக்கையும் பார்த்தது. மூக்கை உயர்த்திச் சந்தனத்தை மணந்தது. பிறகு பத்தொன்பது கோழியும் இருந்த கூட்டின் பக்கம் நடந்தது. யாரும் அசையவில்லை. என் கனவு அப்படியே நடந்தது. தோர்ஸ்டைன் என்னைப் பார்த்து மெல்லத் தலையாட்டினார்.

"பதினெட்டு," என்றார்.

நவம்பரில் பத்துக்கு ஒன்பது அடித்துக் கதிரையைப் பிடித்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க நரி வரவில்லை. என்னில் சந்தனம் மணக்கிறதாம். இப்போது ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் தோர்ஸ்டைன் தன் மரம் அறுக்கும் வாளோடு பியோர்ண்டாலுக்கு வந்து, நான் பொட்டு வைக்கும்போது ஒரு விரலைக் காட்டி "ஒன்று" என்பார். வீட்டில் நான் எதையாவது அளவுக்கு மிஞ்சிச் செய்தால், கதைத்தால், கறிக்கு உப்புப் போட்டால், துளசி ஒரு கடுதாசித் துண்டை எடுத்து நீட்டுவாள். "அப்பா, இது போகுமோ பாருங்கோ."

தோர்ஸ்டைன் கூலி வாங்கவில்லை. குழலின் துருவை எடுத்துக் கறுப்பேற்ற இரண்டாயிரத்து அறுநூறு, பத்துத் தோட்டா இருநூற்று நாற்பது, நான் வற்புறுத்திக் கொடுத்த கோழிக்காசு இருநூறு, சந்தனம் முப்பத்தொன்பது. மொத்தம், கோழி உட்பட, மூவாயிரத்து எழுபத்தொன்பது குரோனர்.