மச்சானுக்கு வாங்கிய வெள்ளைப் போர்வை

நான் பயந்த எதுவும் இதுவரை நடந்ததில்லை. பயப்பட மறந்ததுதான் நடந்திருக்கிறது. (எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு இதுவே பெரிய கண்டுபிடிப்பு.)

சங்கரன்கோவில் பூ மார்க்கெட்டில் எடை போடுகிற வேலை எனக்கு. கை மல்லிகையை நிறுத்துக்கொண்டிருக்கும். மனசு மட்டும் வீட்டில் கேஸை மூடினோமா என்று அலைந்துகொண்டிருக்கும். இந்தக் கேஸால்தான் என் மனைவி செல்வியின் அண்ணன் எங்களோடு பேசுவதை நிறுத்தினார். அவர் மகள் கல்யாணத்தில் சமையல்கட்டுப் பக்கம் போனேன். வாடை அடிப்பது போலிருந்தது. யாரிடமும் சொல்லாமல் எல்லா சிலிண்டரையும் மூடிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன். அடுப்பு ஏன் அணைந்தது என்று சமையல்காரர்கள் கண்டுபிடிப்பதற்குள் மாப்பிள்ளை வீட்டார் இலை முன்னால் உட்கார்ந்து வெறும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அன்றோடு அவருடைய வாசுதேவநல்லூர் வீட்டுக் கதவு எங்களுக்குச் சாத்தப்பட்டது. செல்விக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான்.

பிறகு ஒரு மழைக்காலத்தில், மொட்டை மாடியில் நனைந்துகொண்டு நின்றவர்களை டிவியில் காட்டினார்கள். எனக்குத் தூக்கம் போயிற்று. ஆபத்துக்கென்று ஒரு பை தயார் செய்ய ஆரம்பித்தேன். டார்ச், பிஸ்கட், மாத்திரை எல்லாம் சுலபமாக முடிந்தது. போர்த்திக்கொள்ள எதை வைப்பது என்பதில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதலில் செல்போனில் பார்த்து ஒரு ஸ்லீப்பிங் பேக் வரவழைத்தேன். ஆளை உள்ளே விட்டுக் கழுத்துவரை ஜிப் போடுகிற மெத்தைப் பை. பனிமலை ஏறுகிறவர்களுக்கானது. அதை எங்கள் ஊர் வெயிலில் நடுவீட்டில் படுத்துச் சோதித்தேன். உள்ளே இட்லி மாதிரி வெந்துகொண்டிருந்த நேரத்தில் அடுப்பில் பால் பொங்கியது. கை வெளியே வரவில்லை. சாக்கு ஓட்டப் பந்தயம் போலத் தத்தித் தத்திப் போய் அடுப்படி நிலையில் முட்டி விழுந்தேன்.

"வெள்ளம் வந்தா இதுக்குள்ள கெடந்து எப்படி நீந்துவிய?" என்றாள் செல்வி.

திருப்பி அனுப்பினேன். கம்பளி வாங்கி நனைத்துப் பார்த்தேன். எருமைக்கன்று கனம் கனத்தது. வெள்ளிக் காகிதம் மாதிரி ஒரு விரிப்பு வாங்கினேன். புரண்டு படுத்தால் ராத்திரி முழுக்க யாரோ முறுக்குப் பொட்டலம் பிரிக்கிற சத்தம்.

அந்தச் சமயத்தில்தான் மச்சான் நெஞ்சில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தார். செல்விக்கு அவரே போன் செய்தார். "ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போம்மா. அவரையும் கூட்டிட்டு வா." போனை வைத்துவிட்டு அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அங்கன வந்து நீங்க வாயத் தொறக்கக் கூடாது, கேட்டியளா? இந்தத் தடவ கெட்டுச்சுன்னா எனக்கு அண்ணன் இல்ல."

சரி, வாயைத் திறக்கவில்லை. ஆனால் மச்சான் வீடு குளத்துக் கரைக்குக் கீழே இருக்கிறது. கரை உடைந்தால்? நெஞ்சைத் தைத்த மனுஷன் நனையலாமா? அவருக்கும் ஒரு பை தயார் செய்தேன். போர்வைக்காக ஜவுளிக்கடைக்கு ஓடினேன். கறுப்பு, காப்பிக் கலர், பூப்போட்டது என்று எடுத்துப் போட்டார்கள். இருட்டில் படகில் தேடி வருகிறவர்கள் கண்ணுக்கு எது தெரியும்? வெள்ளைதான். கெட்டியான, பால் வெள்ளைப் போர்வை ஒன்றை எடுத்தேன்.

"யாருக்கு அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர்.

"எங்க மச்சானுக்கு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்திருக்காவ. எந்த நேரம் என்ன நடக்கும்னு சொல்ல முடியாதுல்லா. தயாரா இருக்கணும்."

அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். நான் கேட்காமலே விலையைக் குறைத்தார். நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

மச்சான் வீட்டில் எங்களை வாசலுக்கே வந்து அழைத்தார்கள். மச்சான் கட்டிலில் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் மனைவி வந்து செல்வியின் கையைப் பிடித்து அடுப்படிக்குக் கூட்டிப்போனார். அங்கிருந்து இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் வந்தது. செல்வி அப்படிச் சிரித்து எத்தனையோ வருஷமாயிற்று.

மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. மச்சானுக்குக் குளிருமே என்று எனக்குப் பதறியது. வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் உத்தரவு. கையைப் பற்றிப் பேச்சில்லை. பையிலிருந்து போர்வையை எடுத்து, மடிப்பு விரித்து, காலிலிருந்து தாடைவரை போர்த்தி, ஓரங்களைச் செருகினேன். பிறகு மூச்சு சீராக வருகிறதா என்று கைகட்டித் தலைகுனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன்.

பக்கத்து வீட்டம்மா சாத்துக்குடிப் பையோடு உள்ளே வந்தார்.

"ஏ அண்ணாச்சி! காலையில கூட பேசினியளே! அதுக்குள்ள போயிட்டியளே!"

சாத்துக்குடிகள் உருண்டோடின. அவர் மாரில் அடித்துக்கொண்டபோதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், சம்பந்தம் செய்தவர்கள் புதுத்துணி கொண்டுவந்து உடல்மேல் போர்த்துவார்கள். கோடி போடுவது என்று பெயர். தண்ணீர் படாத புதுத்துணி, தங்கை புருஷன் கையால். முறை எதுவும் தவறாமல் செய்து முடித்திருந்தேன்.

தெரு திரண்டுவிட்டது. யாரோ ஒரு புண்ணியவான் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட ஆரம்பித்துவிட்டார். மச்சான் கண் விழித்தார். அழுகிற அம்மாவைப் பார்த்தார். தன்மேல் கிடந்த வெள்ளையைப் பார்த்தார். கைகட்டி நின்ற என்னைப் பார்த்தார்.

"மாப்ள, என்னவே செஞ்சு வச்சிருக்கீரு?"

"இல்ல மச்சான், வெள்ளம் வந்தா..."

மச்சான் மனைவி ஓடிவந்து போர்வையை உருவி என்மேல் எறிந்தார். "கல்யாணச் சோத்துல மண்ணப் போட்டிய. இப்ப தாலியிலயே கை வச்சிட்டியளா? கெளம்புங்க!"

செல்வி காப்பி டம்ளரோடு அடுப்படி வாசலில் நின்றாள். அந்த முகத்தை என்னால் எழுத முடியாது.

பஸ்ஸில் அவள் முன்னால் உட்கார்ந்தாள். நான் பின்னால், மடியில் போர்வையோடு. ஊர் வரும்வரை திரும்பவில்லை. வீட்டிலும் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் காலையில் என் போன் அடித்தது. மச்சான்.

"என்னவே மாப்ள. ராத்திரி பூரா யோசிச்சேன். பூ மார்க்கெட்லதான வேல பாக்கீரு? துணிய மட்டும் கொண்டாந்தீரே, மாலைய எங்கவே?"

சிரித்தார். தையல் இழுத்து "அம்மா" என்றார். மறுபடியும் சிரித்தார். செல்வி என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

அன்றிலிருந்து தினமும் காலையில் அவர் போன் வரும். "போர்வைய மடிச்சே வையும். இன்னைக்கும் தேவப்படல" என்பார். அப்புறம் தங்கச்சியிடம் கொடுக்கச் சொல்லுவார். விஷயம் சொந்தபந்தம் முழுக்கப் பரவிவிட்டது. உடம்பு சரியில்லாதவர்கள் நான் வருவது தெரிந்தால் எழுந்து உட்கார்ந்துகொள்கிறார்கள்.

போன வாரம் ஒருநாள் காலையில் போன் வரவில்லை. நாங்கள் அடித்தாலும் போகவில்லை. செல்வி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு அடித்தது.

"கரண்டு இல்லவே, சார்ஜ் போயிட்டு. என்ன, போர்வைய வெளிய எடுத்துட்டீரோ?"

"சேச்சே, இல்ல மச்சான்" என்றேன்.

செல்வி என் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.