பாட்டில் மூடியும் மாப்பிள்ளை மீசையும்

எனக்குச் செலவு செய்ய மனசு வராது. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் வீட்டுக்காரர் சொல்லுவார், கூடவே நாலு கதையும் சேர்த்துச் சொல்லுவார். ஷாம்பு பாக்கெட்டைக் கத்தரித்து, உள்ளே தண்ணீர் விட்டு அலசி, இன்னொரு குளியல் தேற்றுகிற ரகம் நான். நான் இதைச் சிக்கனம் என்பேன். கம்பெனியில் வேறு பெயர் வைத்திருந்தார்கள். (அதை இங்கே எழுத மாட்டேன்.)

இப்படிப்பட்டவளுக்கு மீன் வளர்க்கும் ஆசை வந்ததுதான் வினை.

பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளம் இருந்தது. கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட வரிசையாக ரூம் கட்டலாம் என்று நினைத்து, தண்ணீர்த் தொட்டிக்காகத் தோண்டியது. ரூம் திட்டம் நின்றுபோய்விட்டது. பள்ளத்தை மண் கொட்டி மூடினால் செலவு. தண்ணீர் விட்டு மீன் வளர்த்தால் அழகு. அடியில் விரிக்கத் தார்ப்பாய் வாங்குவானேன் என்று, என் கொழுந்தனார் கல்யாணத்துக்கு வைத்த ஃப்ளெக்ஸ் பேனரைப் பரணிலிருந்து இறக்கி விரித்தேன். தண்ணீர் நிரப்பிய பிறகுதான் கவனித்தேன், படம் போட்ட பக்கம் மேலே இருந்தது. குளத்தின் அடியிலிருந்து மாப்பிள்ளையும் பெண்ணும் கைகூப்பி எங்களை வரவேற்றார்கள்.

"என் தம்பிய தண்ணில முக்கிட்டியே, அமுதா" என்றார் வீட்டுக்காரர்.

"இனிமே தெனம் பாத்துக்கினு இருக்கலாம், நல்லதுதானே" என்றேன்.

கொளத்தூர் போய் ஆரஞ்சு நிற மீன்கள் வாங்கி வந்தோம். என் மகள் யாழினி ஒவ்வொன்றுக்கும் இனிப்புப் பலகாரத்தின் பெயராக வைத்தாள். கொஞ்ச நாள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் தண்ணீர் கலங்க ஆரம்பித்தது. முதலில் கல்யாணப் பெண்ணின் நெற்றிச்சுட்டி மறைந்தது. பிறகு பெண்ணே மறைந்தாள். மாப்பிள்ளையின் மீசை மட்டும் பச்சைத் தண்ணீருக்குள் சில நாள் தாக்குப்பிடித்தது. அதுவும் போனபோது மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன.

மீன் கடைக்காரருக்குப் போன் போட்டேன். ஃபில்டர் வைக்க வேண்டும் என்றார். மோட்டார் குளத்துத் தண்ணீரை இழுத்து ஒரு டிரம்முக்குள் விடும். டிரம்மில் ஸ்பாஞ்ச் இருக்கும், அது அழுக்கைப் பிடிக்கும். அதற்குக் கீழே ஓட்டை ஓட்டையாகக் கறுப்பு பிளாஸ்டிக் உருண்டைகள் நிரப்ப வேண்டும்.

"அந்த உருண்டை எதுக்குங்க?"

"அதுலதான் மேடம் நல்ல பாக்டீரியா குடியிருக்கும். மீன் கழிவை அதுதான் தின்னு சுத்தம் பண்ணும்."

பிறகு விலையைச் சொன்னார். நான் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கட்டிலில் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் ஆள் மாறிப் படுக்கிற ஊர் இது. இங்கே பாக்டீரியாவுக்கு மட்டும் தனித்தனி வில்லாவா? அதன் குடித்தனத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன்.

பழைய ஏர்கூலரின் மோட்டார் கிடைத்தது. டிரம் வீட்டிலேயே இருந்தது. ஸ்பாஞ்சுக்குப் பதிலாகத் தேங்காய் நாரை அடைத்தேன். மறுநாள் குளம் முழுக்க டிக்காஷன். (சர்க்கரை போட்டால் விற்றிருக்கலாம்.) அதை எடுத்துப் போட்டுவிட்டுப் பீர்க்கங்காய் நாரை வைத்தேன். அது உள்ளேயே அழுகி, பக்கத்து வீட்டுக்காரர்கள் கழிவுநீர் லாரியைக் கூப்பிடச் சொன்னார்கள். மூன்றாவதாக என் வீட்டுக்காரரின் தலையணையைப் பிரித்து, உள்ளே இருந்த நைலான் பஞ்சைத் திணித்தேன். அது அழுக்கை அழகாகப் பிடித்தது. அவர் துண்டை மடித்துத் தலைக்கு வைத்துக்கொண்டு, "பாக்டீரியாவுக்கு என் பாயும் வேணுமா கேளு" என்றார்.

பாக்டீரியாவுக்கு வேண்டியது வீடு. அது கேன்டீனில் கிடைத்தது.

நான் வேலை செய்வது ஒரகடத்தில், காருக்கு வயர் செட் கட்டுகிற ஒரு கம்பெனியில். வெயில் காலத்தில் ஓ.டி. பார்க்கிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலும் ஜூஸும் தருவார்கள். குப்பைக் கூடை நிறைய மூடிகள். ஒரு மூடியை எடுத்துப் பார்த்தேன். உள்ளே வரிவரியாகத் திருகு, நடுவில் பள்ளம், சுற்றிலும் சுவர். மூடிக்கு ஒரு பாக்டீரியாக் குடும்பம் என்றாலும் தாராளமாக இருக்கலாம். பையில் அள்ளினேன்.

கேட்டில் தேவராஜ் அண்ணன் பையைச் சோதித்தார். எங்கள் செக்யூரிட்டி. தங்கமான மனுஷர், ஞாயிற்றுக்கிழமை சபையில் முதல் வரிசை, மற்ற நாளெல்லாம் வாட்ஸ்அப்பில் முதல் வரிசை.

"இன்னாம்மா இது, மூடியா அள்ளிக்கினு போற?"

மீனுக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் மறுநாள் கேன்டீனே சிரிக்கும். அதுவும் எப்படிப்பட்ட நேரம்! எங்கள் லைனுக்கு லைன் லீடர் எடுக்கப்போகிறார்கள். போட்டியில் இருந்தது நானும் சாந்தியும்தான். வயர் கட்டிக் கட்டி விரல் காய்த்துப்போன எனக்கு, கையைக் கட்டிக்கொண்டு நின்று அதட்டுகிற அந்த வேலை மேல் அவ்வளவு ஆசை. கேலிப்பொருளாக ஆகிவிட்டால் யார் லீடராக்குவார்கள்? போதாக்குறைக்கு அன்று காலைதான் லட்டு என்கிற மீன் செத்து மிதந்து, யாழினி அழுது, நானும் அழுதிருந்தேன். முகம் வீங்கிக் கிடந்தது.

"வூட்டுக்குதாண்ணே. ரொம்ப அவசியமா கீது. வேற ஒண்ணும் கேக்காதீங்க" என்றேன்.

அண்ணன் கேட்கவில்லை. பையை மூடி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து கம்பெனியே மாறிப்போனது. பஸ்ஸில் ஜன்னல் சீட் எனக்காகக் காலியாக இருந்தது. கேன்டீன் மேரி அக்கா கேட்காமலே இரண்டாவது வடை வைத்தார். சூப்பர்வைசர் சுரேஷ் சார், "நின்னது போதும்மா, உக்காந்து செய்யிற வேலைக்குப் போ" என்றார். என் லாக்கர் முன்னால் பை பையாக மூடிகள் சேர்ந்தன. யாரோ ஒரு பெண், முகம்கூடத் தெரியாது, என் கையைப் பிடித்து, "தைரியமா இருங்கக்கா, நல்லபடியா முடியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

சாதாரண மனுஷிக்கு இந்த இடத்தில் சந்தேகம் வந்திருக்கும். எனக்குப் பெருமை வந்தது. லைன் லீடர் விஷயம் முடிவாகிவிட்டது, அதுதான் எல்லோரும் இப்போதே மரியாதை காட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடி முன்னால் நின்று அதட்டிப் பழகினேன்.

உச்சக்கட்டமாக சாந்தியே வந்தாள். கட்டி வைத்த பெரிய கோணிப்பை ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து என் காலடியில் வைத்தாள். அத்தனையும் மூடி.

"வச்சுக்கக்கா. அந்த போஸ்டுக்குக் குடுத்த பேரையும் வாபஸ் வாங்கிக்கினேன். உனக்குத்தான் இப்போ தேவ."

வீட்டுக்கு வந்து, "எதிரியே சரணடைஞ்சுட்டா" என்றேன்.

"ஏன்னு கேட்டியா?" என்றார் வீட்டுக்காரர்.

"எதுக்குக் கேக்கணும்? தெறமைய பாத்து வுட்டுக்குடுத்துட்டா" என்று சொல்லிவிட்டு, சாந்தி தந்த மூடிகளை டிரம்மில் கொட்டினேன்.

தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. மாப்பிள்ளை மீசை திரும்ப எட்டிப் பார்த்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, வாசலில் ஷேர் ஆட்டோ வந்து நின்றது. சுரேஷ் சார், தேவராஜ் அண்ணன், மேரி அக்கா, சாந்தி. ஆப்பிள், ரொட்டி, கூடவே இன்னும் இரண்டு மூட்டை மூடி. பதவி ஓலையைக் கையிலேயே கொடுக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, தண்ணீர் கலக்காத பாலில் காபி போட்டேன். (எங்கள் வீட்டில் அது முதல் முறை.)

காபியைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் குடிக்கவில்லை. சுரேஷ் சார் தொண்டையைச் செருமினார்.

"பாப்பா எங்கம்மா?"

"வெளிய விளையாடிக்கினு கீது, சார்."

மேரி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "மனசத் தேத்திக்கிது பாரு" என்று சாந்தியிடம் முணுமுணுத்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

அந்த நேரம் பார்த்து யாழினி சைக்கிளில் வந்தாள். வந்த வேகத்தில் பிரேக் போட்டு, சைக்கிளைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு, இரண்டு படியை ஒரே தாவலில் தாண்டி உள்ளே வந்து ஓர் ஆப்பிளை எடுத்துக் கடித்தாள்.

தேவராஜ் அண்ணன் எழுந்தார். காபி அவர் சட்டையில் கொட்டியது. இரண்டு கையையும் மேலே தூக்கினார்.

"ஆண்டவரே! இப்போதான் சபையில ஜெபம் பண்ணிட்டு வரோம்! இப்போதான்!"

மேரி அக்கா ஓவென்று அழுதார். யாழினி ஆப்பிளை வாயிலேயே வைத்துக்கொண்டு பயந்து நின்றாள். என் வீட்டுக்காரருக்குத்தான் முதலில் சந்தேகம் தட்டியது. "அண்ணே, எங்க பொண்ணுக்கு இன்னா ஆச்சுன்னு நெனச்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

விஷயம் வெளியே வந்தது. பாட்டில் மூடி சேர்த்துக் கொடுத்தால் நடக்க முடியாத பிள்ளைகளுக்கு இலவசமாக வீல்சேர் தருகிறார்கள் என்று தேவராஜ் அண்ணனுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி வந்திருந்தது. வீங்கிய முகத்தோடு மூடி சுமந்து போன என்னைப் பார்த்ததும் அவர் மனம் கணக்குப் போட்டுவிட்டது. அந்தத் தாய் வாய்விட்டுச் சொல்லமாட்டாள், நாமாகச் செய்ய வேண்டும் என்று கேட்டிலேயே நின்று ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார்.

பூமி பிளந்து என்னை இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. பிளந்த பூமி பின்கட்டில் இருந்தது. அங்கேதான் அழைத்துப் போக வேண்டியிருந்தது.

நாலு பேரும் குளத்தைச் சுற்றி நின்றார்கள். ஜிலேபியும் மைசூர்பாகும் சுகமாக நீந்தின. அவர்கள் சிந்தாமல் சிதறாமல் சேர்த்த மூடிகள் டிரம்முக்குள் இருந்தன. அடியிலிருந்து என் கொழுந்தனார் கைகூப்பினார்.

சுரேஷ் சார் டிரம்முக்குள் எட்டிப் பார்த்து, "மீனுக்கா?" என்றார்.

"பாக்டீரியாவுக்கு, சார்" என்றேன். அதற்குப் பதில் சொல்லாமலே இருந்திருக்கலாம்.

திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். சாந்திதான் பேசினாள். குரலில் கோபமே இல்லை.

"பரவால்லக்கா, கொழந்த நல்லா கீதே, அது போதும். ஆனா... மூடி குடுத்தா சேர் குடுப்பாங்கன்றது நெசந்தானே? எங்கப்பாவுக்குன்னு சேத்து வச்சிருந்தேன். கால் விழுந்ததுலருந்து ஒரே ரூம்ல கெடக்குறாரு. கொழந்தைக்கு மொதல்ல ஆவட்டும்னுதான் உனக்குக் குடுத்தேன்."

எல்லோரும் தேவராஜ் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் போனை எடுத்துத் தேடினார். அழுகிற குழந்தையின் படம் இருந்தது. எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று இருந்தது. எங்கே, யார் தருவார்கள் என்பது மட்டும் இல்லை.

"எனக்கு வந்துச்சும்மா. நான் அனுப்பிட்டேன்" என்றார், சின்னக் குரலில்.

சாந்தி தலையை ஆட்டினாள். டிரம்மை ஒரு தரம் பார்த்துவிட்டு வெளியே போய் ஆட்டோவில் உட்கார்ந்துகொண்டாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் அதற்கும் இடம் தரவில்லை.

திங்கட்கிழமை முதல் வேலையாக, சாந்தியின் பெயரைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி சுரேஷ் சாரிடம் நின்றேன். பெரிய மனசோடு செய்தேன் என்று எழுத ஆசைதான். பாத்ரூமில் அழுது முடித்துவிட்டுத்தான் போனேன். நேர்முகத்தில், "உங்க பலம் இன்னா?" என்று கேட்டார்கள். "சிக்கனம்" என்றேன். சுரேஷ் சாருக்கு இருமல் வந்து வெளியே போய்விட்டார். வேலை சாந்திக்குக் கிடைத்தது, நியாயமாகவே கிடைத்தது.

முடிவு தெரிந்த அன்றே சாயங்காலம் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வீல்சேர் வாங்கப் போனேன். கடைக்காரர் சொன்ன விலைக்கு அந்தக் கறுப்பு உருண்டைகளை டிரம் டிரம்மாக வாங்கியிருக்கலாம். சேரைத்தான் வாங்கினேன். ஆனால் வாய் சும்மா இருக்குமா? பேரம் பேசி, பார்வைக்கு வைத்திருந்த பழைய பீஸை விலை குறைத்து வாங்கினேன். வலது சக்கரம் மட்டும் 'கீச்' என்றது.

"இதுலயுமா?" என்றார் வீட்டுக்காரர்.

சாந்தி வாங்கவே மாட்டேன் என்றாள். "இது தருமம் இல்லடி, உன் மூடிக்கு வெல" என்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன். இப்போது அவள் அப்பா சில சாயங்காலங்களில் எங்கள் குளத்தைப் பார்க்க வருகிறார். எத்தனை எண்ணெய் விட்டாலும் அந்தச் சக்கரம் அடங்கவில்லை. அவர் தெருமுனையில் திரும்பும்போதே எங்களுக்குத் தெரிந்துவிடும். குனிந்து பார்த்து, "மாப்பிள்ள மீச சுத்தமா தெரியுதும்மா" என்பார். அவர் பெண் மறுநாள் லைனில் நின்று, என் வயர் முடிச்சு சரியில்லை என்று அதட்டுவாள். நன்றாகத்தான் அதட்டுகிறாள்.

எங்கள் வீட்டில் நான் எதற்காவது, "மலிவா முடிச்சுக்கலாமே" என்று ஆரம்பித்தால், யாழினியோ அவள் அப்பாவோ 'கீச்' என்பார்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும்.

தேவராஜ் அண்ணன் மட்டும் இந்தக் கதையை வேறு மாதிரி சொல்கிறார். "மூடி குடுத்தோம், சேர் வந்துச்சா இல்லியா?" என்று கேட்கிறார். யாராலும் மறுக்க முடியவில்லை. போன வாரம் என் போனுக்கே ஒரு செய்தி வந்தது: பிள்ளைப்பாக்கத்தில் ஓர் அக்கா மூடி வாங்கிக்கொண்டு வீல்சேர் தருகிறாராம், எல்லோருக்கும் அனுப்புங்கள். இன்று காலை கதவைத் திறந்தால் வாசலில் ஒரு மூட்டை. மேலே ஒரு போன் நம்பரும், "எங்க அம்மாவுக்கு" என்றும் எழுதியிருந்தது.

நம்பரைப் போட்டுப் பேசினேன். அப்புறம் உள்ளே பார்த்து, "அந்தக் கடைக்காரரு கிட்ட இன்னொரு பீஸு கொறச்சலா..." என்று ஆரம்பித்தேன்.

"கீச்" என்றார் வீட்டுக்காரர், சட்டையை மாட்டிக்கொண்டே.