இருப்பு உள்ளவரை

ஒஹையோ, மார்ச் 1985

அன்புள்ள தங்கை லியோனாவுக்கு,

அண்ணன் எல்மர் எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். நான் மேனேஜராக இருக்கும் டெல்வாக் சேமிப்பு பாங்கும் சுகம். ரேடியோவில் யார் என்ன சொன்னாலும் நம்பி, நீ வீடு விற்றுப் போட்ட பணத்தை எடுக்க ஓடி வராதே. உன் டெலிபோன் கிடைக்காததால் இதை பேக்கரி வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் முதலாளி டெல்வாக்கை உனக்குத் தெரியும். ஊதா மேலங்கியும் கோட்டில் ஆர்க்கிட் பூவுமாக, ஊருக்கே ஓபரா அரங்கம் கட்டிக் கொடுத்த மகராசன் (யார் பணத்தில் என்று இப்போது கேட்காதே). புது ஓபராவுக்கு ஆள் சேராததால், பாங்கில் கணக்கு வைத்திருப்பவர்களுக்கு டிக்கெட் இலவசம் என்றார். நான்தான் கண்ணாடிக் கதவில் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினேன்: "இருப்பு உள்ளவரை மட்டுமே கொடுக்கப்படும். முந்துங்கள்." டிக்கெட் என்று எழுத இடம் போதவில்லை. பக்கத்து ஊர் பாங்கைப் போன வாரம்தான் இழுத்து மூடினார்கள் என்பது என் மண்டையில் உறைக்கவே இல்லை. காலையில் வந்து பார்த்தால் மடக்கு நாற்காலியும் தெர்மாஸ் காபியுமாக வரிசை தேவாலயம் வரை நிற்கிறது. முதலில் நின்ற பன்றிப் பண்ணை ஓட்டோவிடம் டிக்கெட்டை நீட்டினேன். "பாட்டெல்லாம் நீயே கேளு எல்மரு. எம்பணத்தை எடுத்து வை" என்றார். முதலாளிக்குப் போன் போட்டேன். "சனங்க பயந்திருக்காங்க, அவங்களுக்கு இப்ப வேண்டியது கலை" என்று அந்த ஓபராவில் பாடும் பாடகியம்மாளோடு வந்து இறங்கினார். அந்த அம்மாள் பாங்கு வாசலில் நின்று, கதாநாயகி செத்துப்போகிற கட்டத்தை ஒரு வரி விடாமல் பாடினாள். பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். "என்னய்யா இது, எழவு வீட்டு ஒப்பாரி மாதிரி இருக்கு. உள்ளார எல்லாம் முடிஞ்சுபோச்சா?" என்று ஓட்டோ கேட்டதுதான் தாமதம், கூட்டம் கதவை நெருக்கித் தள்ளியது. ரசிகர்கள் மேடைக்கு ஓடி வருகிறார்கள் என்று நினைத்து முதலாளி நாலு பக்கமும் குனிந்து வணங்கினார். பிறகு, "பணம் கொண்டுட்டு வந்துடறேன்" என்று காரில் ஏறிப் போனார்.

வந்துவிடுவார். சொன்ன சொல் தவறாதவர். உன் பணம் கல்லு மாதிரி இருக்கிறது, நிம்மதியாகத் தூங்கு. மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல். கர்த்தர் உங்களைக் காப்பாராக.

உன் பிரியமுள்ள அண்ணன்,
எல்மர்

பி.கு.: முதலாளி போனது விமான நிலையத்துக்காம், பாடகியம்மாள் இப்போதுதான் அழுதுகொண்டே சொன்னாள். கவுண்டரில் இன்னும் பணம் கொடுக்கிறார்கள். மேனேஜர் என்று சொல்லிப் பார்த்தேன். "கடைசிக்குப் போய் நில்லு" என்று வரிசையில் நின்றவர்கள் விரட்டிவிட்டார்கள். தேவாலயத்து வாசலில், உனக்கும் சேர்த்து இடம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு இந்த பேக்கரி வண்டியிலேயே ஏறி வா. குளிருக்குக் கோட்டைத் தேடிக்கொண்டு நிற்காதே.